ஆறாவது பேட்டரி

புளியமரத்திலிருந்து மதகு வரைக்கும் இறங்குகிற மேட்டுப் பாதையின் ஓரத்தில் பதினொரு கற்கள் இருந்தன. எல்லாம் சுண்ணாம்பு தடவிய கற்கள். சந்தைக்குப் போகிறவர்கள் அவற்றை அரசாங்கம் நட்ட எல்லைக்கல் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, பூவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவற்றை வைத்தவன் கடுக்காய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லத்தீப். கிடங்கிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் மேட்டில் எந்த இடத்தில் மூச்சடங்கி நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு கல் வைப்பான். மார்கழியில் முதல் கல் புளியமரத்தடியில் இருந்தது. மாசி கடைசியில் பதினோராவது கல் மதகிலிருந்து நாற்பது தப்படி தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போனால் வண்டி மேட்டில் ஏறவே ஏறாது என்று லத்தீப் கணக்குப் போட்டான். போட்ட கணக்கு சரிதானா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் தப்படி வைத்து அளந்துவிட்டு வந்தான். நாற்பதுதான்.

அந்த வண்டிக்கு ஊரில் பந்து வண்டி என்று பெயர். தங்கவயலில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கோல்ஃப் விளையாடுவதற்காகக் கப்பலில் வரவழைத்தது. எண்ணெய் வேண்டாம், புகை கிடையாது, ஆறு பேட்டரியில் ஓடும். அதிகாரி தன் நாட்டுக்குப் போனபோது ஏலத்துக்கு வந்தது. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கும் முக்தார் அகமது வேறு எதையோ வாங்கப் போய் இதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கீழே அதற்கு ஒரு வேலையும் இல்லை. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். கடுக்காய்க்காக மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கிடங்கு வைத்திருந்தார். கிடங்குக்கும் லாரி நிற்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு மைல் தூரம். மதகு லாரியைத் தாங்காது. ஆகவே வண்டி மலைக்கு வந்தது. கோல்ஃப் பைகள் வைக்கிற இடத்தில் பலகை அடித்து நான்கு மூட்டை ஏற்றினார்கள். கடுக்காய் உடைக்கும் எந்திரத்தை ஓட்டுகிற ஆயில் எஞ்சினோடு ஒரு டைனமோவைப் பூட்டி, காலையில் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் வண்டியை ஓட்டினார்கள்.

"பந்தை அடிச்சுட்டு அதும் பின்னாடியே வண்டியில போவாரா அந்தத் துரை?" என்று முதல் நாளே கேட்டவள் மாதம்மாள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். "அப்ப எதுக்கு அடிக்கணும்? கையிலயே வெச்சிக்கினு இருக்கலாமே."

அவள் புருஷன் மாதையன்தான் வண்டியை ஓட்டினான். நான்கு வருஷத்துக்கு முன்னால் கடுக்காய் மரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது முழங்கால் மடங்காது. மரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது, ஏர் பிடித்தால் பத்து அடிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். பந்து வண்டிக்கு வலது கால் ஒன்று போதும். அந்த வண்டி வந்த நாளிலிருந்துதான் ஊர்க்காரர்கள் அவனை மறுபடியும் வேலைக்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

முக்தார் அகமதிடமிருந்து செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கடிதம் வந்தது. லத்தீப் அதைக் கிடங்கு வாசலில் நின்றபடியே படித்தான்.

"பேட்டரி மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வண்டி ஏறவில்லை என்கிறாய். அந்த ரகமே மோசம் போலிருக்கிறது. லாரிக்குப் போடுகிறார்களே, அதையோ வேறு எதையோ பார்த்து, எது வாங்கலாம் என்று நீயே முடிவு செய்து வை. நீதான் இதைப் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உனக்கே தெரியவில்லை என்றால் வண்டியைக் கழித்துவிட்டு, கலசப்பாக்கத்து மாட்டு வண்டிக்காரனிடம் விட்டுவிடலாம். அவன் தன் ஆட்களோடு வருவதாகச் சொல்கிறான்."

"இன்னா போட்டு கீது?" என்றான் மாதையன்.

லத்தீப் கடைசி வரிகளை விட்டுவிட்டுப் படித்துக் காட்டினான். மாதையன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண்ணால் வரிகளை எண்ணுவான்.

"நீ படிச்சது கொஞ்சம், அதுல கீறது நெறைய. மிச்சத்தையும் சொல்லு சாயபு."

சொன்னான்.

மாதையன் வண்டிக்குப் போய், துடைத்த சக்கரத்தையே திரும்பவும் துடைத்தான்.

நீதான் படித்தவன் என்ற வார்த்தை லத்தீபை உறுத்தியது. அவன் படித்தது வாணியம்பாடியில் சாயங்கால வகுப்பில், வயர்மேன் பரீட்சைக்கு. அதுவும் இரண்டாவது தடவைதான் தேறினான். பேட்டரிக்குப் பாடத்தில் ஒன்றரைப் பக்கம்தான். அதை நடத்திய அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். அவனுக்கு நிஜமாகத் தெரிந்த வேலை வேறு. பதினாறு வயதிலிருந்து தோல் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் பட்டைச் சாற்றின் கெட்டியைப் பார்க்கிறவன் அவன். வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். வேலை முடிந்த பிறகு சாயங்காலம் ஒவ்வொரு தொட்டியிலும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது எந்த டிகிரியில் நிற்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். தோல் சாற்றைக் குடிக்கக் குடிக்க டிகிரி இறங்கும். இறங்கிய தொட்டியில் நீர்த்த சாற்றை மொண்டு வெளியே விட்டு, கெட்டிச் சாற்றை ஊற்றி, பழைய எண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். எண் சரியாக நின்றால் தோல் சரியாக வரும். லத்தீப் வைத்த எண் பிசகியதே இல்லை. அந்தப் பேருக்காகத்தான் முதலாளி அவனை நம்பி மலைக்கு அனுப்பினார்.

இங்கேயும் அவன் அதையே செய்தான். புதுப் பேட்டரியோடு வந்த சீட்டில், முழு சார்ஜில் உள்ளே இருக்கும் திரவம் முப்பத்தொரு டிகிரி காட்ட வேண்டும் என்று இருந்தது. உப்புத் தண்ணீரை அளக்க வைத்திருந்த நீளக் குழாய் ஷாப்பிலிருந்து வந்தது. வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடியில் ஆசிட்டும் வந்தது. வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், வண்டி ஓடி முடிந்த பிறகு, மூடிகளைக் கழற்றி அளப்பான். எண் குறைந்திருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு ஆசிட் விட்டு முப்பத்தொன்றுக்குக் கொண்டு வருவான். நோட்டில் ஆறு கட்டம் போட்டு எழுதுவான். ஆரம்பத்தில் எண்கள் இறங்கி ஏறின. கடைசி ஆறு மாதமாக இறங்குவதே இல்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. நோட்டைப் பார்த்தால் வண்டி குதிரை மாதிரி ஓட வேண்டும். மேட்டைப் பார்த்தால் பதினொரு கற்கள்.

இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று லத்தீபுக்குத் தெரிந்தது. கல் பொய் சொல்லாது. அப்படியென்றால் நோட்டு. நோட்டு என்றால் தான். இந்த இடம் வந்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டு, புதன்கிழமை காலை பஸ்ஸில் திருப்பத்தூருக்குப் போனான்.

கண்ணாயிரம் பேட்டரிக் கடையில் தரையெல்லாம் பேட்டரி. நடக்க ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. கண்ணாயிரம் மூன்று வகையைக் காட்டினார். முதலாவது லாரிக்குப் போடும் பன்னிரண்டு வோல்ட். மூன்று போதும், விலையும் குறைவு. இரண்டாவது, ரயில் பெட்டி விளக்குக்கு வைத்திருந்து ஜோலார்பேட்டையில் கழித்துக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட், பதினெட்டு வேண்டும். மூன்றாவது, இப்போது வண்டியில் இருக்கிற அதே ரகம். ஆறு வோல்ட், கனத்த தகடு.

லத்தீப் நோட்டைத் திறந்தான். லாரிப் பேட்டரித் தகட்டின் தடிமன் எவ்வளவு? லாரி அதிலிருந்து எவ்வளவு நேரம் கரண்ட் எடுக்கும்? கிளப்புகிற நேரம் மட்டும்தானே? வண்டி ஒரு மைல் முழுக்க எடுக்குமே, தாங்குமா? ரயில் பேட்டரி எத்தனை வருஷம் ஓடியது? அதன் எடை? பதினெட்டையும் வைத்தால் மூட்டைக்கு இடம் இருக்குமா?

கண்ணாயிரம் முதல் ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னார். ஆறாவதுக்கு டீ குடித்தார்.

"தம்பி, நீ வாங்க வந்தியா, பரீட்சை வெக்க வந்தியா?"

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் விக்கறது எல்லாமே நல்லதுதான். என் வூட்ல கேட்டுப் பாரு." பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "பழசு ஆறும் செத்துப் போச்சா? இல்ல, ஒண்ணு ரெண்டு உசுரோட கீதா?"

"எல்லாம் ஒரே எண்தாங்க காட்டுது."

"எண்ணைக் கேக்கல. எது எத்தினி நேரம் தாங்குதுன்னு கேக்கறேன்."

லத்தீபுக்குத் தெரியவில்லை. ஆறையும் எப்போதும் ஒன்றாகவேதான் ஓட்டியிருக்கிறான்.

கண்ணாயிரம் மேஜை இழுப்பறையைத் துழாவி, பழைய ஹெட்லைட் பல்புகள் இரண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். "ஆறு வோல்ட். மிச்சக் கேள்வியெல்லாம் இதுங்ககிட்ட கேளு. என்னை விடு."

வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல சார்ஜ் ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு, கடுக்காய் காயும் களத்தின் ஓரத்தில் பேட்டரிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஐந்து பேட்டரிகள் சுலபமாக வந்தன. ஆறாவது பின்பக்கம் இரும்புச் சட்டத்துக்கு அடியில் மூலையில் இருந்தது. அதை எடுக்க நான்கு திருகாணி கழற்ற வேண்டும். பேட்டரி மாற்றிய நாளிலிருந்து யாரும் கழற்றியதில்லை.

"புள்ளைத்தாச்சி மாதிரி கனக்குது," என்று இறக்கி வைத்தாள் மாதம்மாள். "இத்த எடுத்து வெயில்ல வெச்சி, பட்டப்பகல்ல வெளக்கு ஏத்தப் போறியா சாயபு? மேல ஒண்ணு எரியறது போதலியா?"

லத்தீப் இரண்டு பல்புகளையும் சேர்த்துக் கட்டி, முதல் பேட்டரியில் தொடுத்தான். பளிச்சென்று எரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதாவது நிமிஷத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, பன்னிரண்டில் கம்பி மட்டும் சிவந்து நின்றது. இரண்டாவது பேட்டரி பதினாலு நிமிஷம். மூன்றாவது எட்டு. நான்காவது ஐந்திலேயே தலை சாய்ந்தது. ஐந்தாவது பதினொன்று.

ஆறாவதில் தொடுத்தபோது உச்சி வேளை தாண்டியிருந்தது. பல்பு எரிந்தது. கால் மணி ஆயிற்று, எரிந்தது. அரை மணி ஆயிற்று. மாதம்மாள் களியைத் தின்றுவிட்டு வந்து பார்த்தாள், எரிந்துகொண்டிருந்தது. மாதையன் காலை நீட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கடுக்காய் புரட்ட வந்த பெண்கள் புரட்டாமல் நின்றார்கள். நிழல் களத்தின் பாதிக்கு வந்தபோதும் அந்தப் பல்புகள் கண் கூசும்படி எரிந்தன.

"இவன் வேற சாதி போல கீது," என்றாள் மாதம்மாள்.

லத்தீபும் முதலில் அப்படித்தான் நினைத்தான். அடியில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தான். ஆறும் ஒரே ரகம், ஒரே மாதத்தில் செய்தவை. ஒரே நாளில் பொருத்தியவை. ஒரே டைனமோவில் ஏறி ஒரே மேட்டில் இறங்கியவை. பிறகு என்ன வித்தியாசம்?

நோட்டைப் புரட்டினான். ஆறாவது கட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு முகம் சுட்டது.

அந்தக் கட்டத்தில் ஒரு எண்கூட இல்லை. மேற்படி, மேற்படி, மேற்படி என்று தொண்ணூறு வாரமும் எழுதியிருந்தான். ஆறாவது பேட்டரிக்கு மேலே இரும்புச் சட்டம் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நீளக் குழாய் அங்கே நிற்காது. முதல் வாரம் எவ்வளவோ முயன்றான். பிறகு ஐந்தாவதுக்கு என்னவோ அதுதானே ஆறாவதுக்கும் இருக்கும் என்று மேற்படி போட்டான். இரண்டாவது வாரம் போடும்போது கை கூசியது. பத்தாவது வாரத்தில் கூசவில்லை. அளக்காத இடத்தில் ஆசிட் விடவும் பயம். அதனால் விடவில்லை. அவன் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய்க் கட்டம் அதுதான்.

"மாதையண்ணே, இந்த ஆறாவதுல யார் இன்னா ஊத்தினது?"

"நான்தான். வளைஞ்ச குழாய் வெச்சி, கொறைஞ்சப்பல்லாம் பானைல கீற மழைத்தண்ணி ஊத்துவேன். நீ சொன்னதுதானே?"

"ஆசிட்?"

"நீ ஊத்துன்னு சொல்லவே இல்லியே."

லத்தீப் எழுந்து, ஆறாவதன் மூடியைக் கழற்றி, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதில் குழாயை இறக்கினான். பத்தொன்பது. எல்லாவற்றையும்விடக் கீழே. எண்ணில் இதுதான் கடைசி, எரிந்ததில் இதுதான் முதல்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நான்காவது பேட்டரியின் மேலே பூசியிருந்த தாரை உருக்கி, உள்ளேயிருந்து தகடுகளைப் பிடுங்கிப் பார்த்தான். கையோடு சேறு மாதிரி வந்தது. தகட்டில் பூசியிருந்தது பாதிக்குமேல் உதிர்ந்து அடியில் படிந்திருந்தது. தகடுகளுக்கு நடுவில் வைத்த மரச்சீவல் கரியாகியிருந்தது. ஆசிட் தின்ற மரம் எப்படி இருக்கும் என்று ஷாப்பில் வளர்ந்தவனுக்குத் தெரியும்.

இருந்தாலும் இவ்வளவு தெரிந்தது போதாது. பல்பு எரிந்த பிறகு பத்தொன்பது என்றால், எரிவதற்கு முன்னால் எவ்வளவு? அதை அவன் அளக்கவில்லை. அளந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஆறாவதை மட்டும் டைனமோவில் மாட்டி, ஒரு சொட்டும் ஊற்றாமல் சார்ஜ் ஏற்றினான். மணிக்கு ஒரு தடவை குழாயை இறக்கினான். பத்தொன்பது. இருபத்தொன்று. இருபத்து நாலு. எஞ்சின் நிற்கும்போது இருபத்தொன்பது.

ஊற்றாமலே ஏறுகிறது.

அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தோல் குடித்த சாறு திரும்ப வராது. அதனால்தான் தொட்டியில் ஊற்ற வேண்டியிருக்கிறது. இங்கே தகடு குடித்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. வண்டி ஓடும்போது ஆசிட் தகட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. சார்ஜ் ஏறும்போது வெளியே வருகிறது. அவன் அளந்தது எப்போதும் ஓடி முடிந்த வியாழக்கிழமை சாயங்காலம், அதாவது எல்லாம் ஒளிந்திருக்கும் நேரம். குறைந்துவிட்டது என்று நினைத்து வெளியிலிருந்து ஊற்றினான். மறுநாள் ஒளிந்திருந்ததும் வெளியே வந்து சேர, ஆசிட் அளவுக்கு மீறியது. வாரா வாரம், தொண்ணூறு வாரம்.

சனிக்கிழமை இன்னொரு தடவை பல்பு கட்டி இறக்கினான். ஒரு தடவை நடந்ததை அவன் நம்புவதில்லை. இருபத்தொன்பதிலிருந்து பத்தொன்பதுக்கு வந்தது. நோட்டில் எழுதி முடித்துவிட்டு மாதையனிடம் சொன்னான்.

"அண்ணே, ரகம் மோசமில்ல. நான்தான் ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன். அஞ்சையும்."

மாதம்மாள் முந்திக்கொண்டாள். "ரெண்டு வருசமா மருந்து, மருந்துன்னு வெச்சது அதுதானா? கவனிப்பு இல்லாதவன்தான் பொழைச்சானா? நல்ல வைத்தியருப்பா."

மாதையன் நெடுநேரம் தன் மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். "நீ ஊத்தினப்பல்லாம் ஜாடியப் புடிச்சவன் நான்தான்," என்றான். "நாளைக்கி பெரிய சாயபு வந்தா இன்னா சொல்லப் போற? ரகம் மோசம்னு அவரே எழுதிட்டாரு. ஆமாங்கன்னா முடிஞ்சி போச்சி. லாரிப் பேட்டரி வாங்கிக் குடுப்பாரு."

"வாங்கிக் குடுப்பார். லாரிப் பேட்டரித் தகடு மெலிசு. மேட்டுல இழுத்தா ஒரு வருஷம் வந்தா பெரிசு. அப்புறம் மாட்டு வண்டிதான்."

"சொன்னா?"

"சொன்னா, இவன் கையில இனி எந்தப் பேட்டரியும் குடுக்கக் கூடாதுன்னு மாட்டு வண்டிக்காரனை நாளைக்கே வரச் சொல்லலாம்."

"எப்படியும் மாடுதான்," என்று மாதம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு இப்ப வர்றது, ஒண்ணு அப்புறம் வர்றது. இவுரு காலு, ரெண்டு மாட்டுக்கும் நடுவுல மாட்டிக்கினு கீது. பாத்து சொல்லு சாயபு."

முக்தார் அகமது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். முதலில் களத்தில் ஒரு கடுக்காயை எடுத்துக் கடித்துத் துப்பினார். இன்னும் காய வேண்டும் என்றார். பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்பினார். "எது வாங்கலாம்? முடிவு பண்ணிட்டியா?"

லத்தீப் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டான், திறக்கவில்லை. மனப்பாடமாக இருந்தது. ஆனால் ஆரம்பம் மட்டும் மறந்துவிட்டது. "முதலாளி, பழைய ரகமே வாங்கலாங்க. அதும் பேர்ல தப்பில்ல. கொறையும்போதெல்லாம் நான் ஆசிட் ஊத்தினேன். அதாலதான் கெட்டுதுங்க."

"கொறைஞ்சா ஊத்தாம இன்னா பண்ணுவாங்க?"

"ஊத்தக் கூடாதுங்க."

முக்தார் அகமது அவனைக் கீழும் மேலும் பார்த்தார். "என் தொட்டியில பத்து வருஷம் கொறைஞ்சப்பல்லாம் ஊத்தினவன் நீ. நானும் ஊத்தினவன். எங்க அத்தாவும் ஊத்தினவரு. மலைக்கு வந்து தலைகீழாச் சொல்றியே."

"இது தொட்டி இல்லீங்க முதலாளி. ஊத்தாமலே ஏறுதுங்க."

"எப்படி ஏறும்? ராத்திரியில யாராச்சும் ஊத்தியிருப்பான்."

அவர் சொன்னது நியாயம்தான். லத்தீபும் வெள்ளிக்கிழமை அதையே நினைத்து, ஜாடியின் அளவை மூன்று தடவை பார்த்திருந்தான். "நீங்களே பாருங்க," என்று ஆறாவது பேட்டரியைக் காட்டினான். அவர் தானே குழாயை வாங்கி, மூன்று துளையிலும் இறக்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். பத்தொன்பது. பிறகு ஜீப்பிலிருந்து சணலும் அரக்கும் கொண்டு வரச் சொன்னார். தோல் கட்டு ரயிலேறும் முன்னால் யாரும் பிரிக்காமலிருக்கக் கட்டி முத்திரை வைப்பது ஷாப்பு வழக்கம். பேட்டரியின் மூடிகளின் மேல் சணலைக் குறுக்கே கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி விட்டு, மோதிரத்தை அழுத்தினார். மூடியில் இருந்த சிறு துளைகள் மட்டும் திறந்திருந்தன. அதில் குண்டூசிதான் போகும்.

"இப்ப ஏத்து."

எஞ்சின் ஓடியது. கடுக்காய் உடைபடும் சத்தத்தில் பேச முடியாது. முக்தார் அகமது பேட்டரிக்கு எதிரே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். பகல் தொழுகைக்கு எழுந்தபோது மாதம்மாளைக் காவல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து, "யாராச்சும் கிட்ட வந்தாங்களா?" என்றார்.

"ஒரு கோழி வந்துச்சிங்க," என்றாள் அவள். "கையில ஒண்ணும் இல்ல."

மூன்று மணிக்கு மேல் மூடித் துளையில் குமிழி வெடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜீப் டிரைவர் இரண்டு தடவை வந்து, இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று நினைவுபடுத்தினான்.

எஞ்சினை நிறுத்தியதும் அரக்கை அவரே பார்த்தார். அதில் பதிந்த மோதிரத்தின் பூ அச்சு கலையவில்லை. கத்தியால் அறுத்து, மூடியைத் திருகி, குழாயை இறக்கினார். லத்தீப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மாதையன் வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருபத்தெட்டு," என்றார் முக்தார் அகமது. இரண்டாவது துளையில் இறக்கினார். "இருபத்தெட்டு." மூன்றாவதிலும் பார்த்துவிட்டுக் குழாயைப் பிடித்தபடி நின்றார். கோபமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை. "உள்ள போனது வெளிய வருதா? குடிச்சதைத் துப்புதா இந்தத் தகடு?"

"ஆமாங்க."

"அப்படி ஒரு தோல் இருந்திருந்தா நான் எப்பவோ பட்டை வாங்கறதை விட்டிருப்பேன்." திரும்பவும் ஒரு தடவை குழாயை இறக்கிப் பார்த்தார். சந்தேகத்தில் அல்ல, பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். "இத்த மட்டும் ஏன் நீ கெடுக்கல?"

இந்தக் கேள்வி வரும் என்று லத்தீபுக்குத் தெரியும். நோட்டைத் திறந்து ஆறாவது கட்டத்தைக் காட்டினான். முக்தார் அகமது ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். புரட்டிக்கொண்டே போனார்.

"எத்தினி மேற்படி?"

"தொண்ணூறுங்க."

"நீ ஒழுங்கா வேலை பாத்த எடம் எல்லாம் போச்சி. ஏமாத்தின எடம் பொழைச்சுது. இதுக்கு உன்னைத் திட்டறதா, வேற ஏதாச்சும் சொல்றதா, எனக்குத் தெரியல." நோட்டை மூடி அவன் கையிலேயே கொடுத்தார். மாதையன் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவன் சக்கரத்தை விடவில்லை. "அதே ரகம். ஆறு. திருப்பத்தூர்ல சொல்லிட்டுப் போறேன். ஆனா ரெண்டு சேதி. அந்த ஆசிட் ஜாடி இப்பவே ஜீப்புல ஏறணும். வாரா வாரம் நோட்டுல எழுதறதை நகல் எடுத்து எனக்கு அனுப்பணும். அதுல எங்கியாச்சும் மேற்படி இருந்துச்சுன்னா, அன்னிக்கே நீ கீழ வந்துடு, கலசப்பாக்கத்தான் மேல வரட்டும்."

ஜாடியை மாதையன்தான் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தான். மடங்காத காலோடு அவ்வளவு கனத்தை அவன் தூக்கியதை மாதம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

புதுப் பேட்டரிகள் பத்து நாள் கழித்து வந்தன. பழைய ஆறாவதைப் புதியவற்றோடு சேர்க்காமல், எந்திர அறையில் ஒரு பல்பு எரிக்க வைத்துக்கொண்டார்கள். கண்ணாயிரம் கூடவே ஒரு சாணுக்கும் குறைவான குட்டைக் குழாய் ஒன்றை அனுப்பியிருந்தார். தாளில் சுற்றி, பரீட்சைக்கு என்று எழுதியிருந்தார்.

முதல் நாள் வண்டி நான்கு மூட்டையோடு மதகைத் தாண்டி, கல் ஒவ்வொன்றாகத் தாண்டி, மஞ்சள் பூசிய கல்லையும் தாண்டி, புளியமரத்தில் நிற்காமல் ரோட்டுக்குப் போய்விட்டது. பின்னால் நடந்து வந்த லத்தீப், போகிற போக்கில் கற்களைப் பிடுங்கிப் பள்ளத்தில் போட்டுக்கொண்டே வந்தான். பூ வைத்த கல்லை மட்டும் விட்டுவிட்டான். அது இப்போது அவனுடையது இல்லை.

வியாழக்கிழமை. இப்போதெல்லாம் சாயங்காலம் இல்லை, சார்ஜ் ஏறி முடிந்ததும் அளப்பது. ஐந்துக்கும் முப்பத்தொன்று. லத்தீப் தரையில் மல்லாந்து படுத்து, இரும்புச் சட்டத்துக்கு அடியில் தலையை நுழைத்து, குட்டைக் குழாயை ஆறாவதில் இறக்கினான். கழுத்து வலித்தது. மூன்று தடவை பார்த்தான். முப்பது.

ஒன்றே ஒன்று குறைகிறது. ஒரு கரண்டி போதும்.

அவன் கண் தன்னையறியாமல் எந்திர அறையின் மூலைக்குப் போனது. ஜாடி இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது.

"இன்னா சாயபு, உள்ளயே தூங்கிட்டியா?" என்று வெளியிலிருந்து மாதையன் கேட்டான். "மூட்டை ஏத்தியாச்சி. போவலாமா?"

"இருண்ணே." லத்தீப் வெளியே வந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே நோட்டை எடுத்தான். ஆறாவது கட்டத்தில் முப்பது என்று எழுதினான். எழுதியது சரிதானா என்று ஒரு தடவை பார்த்தான். பிறகு, "போண்ணே," என்றான்.